கட்சியா, பட்டாளமா?

கம்யூனிஸ்ட் ஆட்சியும் ராணுவ ஆட்சியும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டிலும் எதிர்த்துப் பேசினால் சிறை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சரி, துப்பாக்கி யார் பேச்சைக் கேட்கிறது என்று பாருங்கள்.

சோவியத் யூனியனில் அது கட்சியின் பேச்சைக் கேட்டது. பெர்லினைப் பிடித்த மார்ஷல் ஷூகோவ் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். 1957 அக்டோபரில் கட்சி அவரை வீட்டுக்கு அனுப்பியது. ராணுவம் முணுமுணுக்கக்கூட இல்லை.

பர்மாவில் தலைகீழ். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார்; அப்புறம்தான் தனக்கென்று ஒரு கட்சியே தொடங்கினார். 'சோசலிசத்துக்கான பர்மிய வழி' என்று பெயர் வைத்து வங்கி, ஆலை, கடை எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கினார். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதே ராணுவம் பர்மா கம்யூனிஸ்ட் கட்சியோடு 1989 வரை காட்டில் சண்டை போட்டது! 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கடையும் காசும் இழந்து கப்பலேறிய தமிழர்களின் மிச்சம்தான் சென்னை பர்மா பஜார். 1987-இல் மறுபடி நோட்டு ஒழிப்பு. பதிலுக்கு வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள். இரண்டும் ஒன்பதின் மடங்கு. ஒன்பது அவருக்கு ராசி எண்ணாம். மார்க்ஸ் எந்தப் பக்கத்தில் எண் ஜோதிடம் எழுதினாரோ!

கம்யூனிஸ்ட்டுகள் துப்பாக்கியோடுதான் வருவார்கள் என்பதும் தப்பு. கேரளத்தில் 1957-இல் வாக்குச்சீட்டோடு வந்தார்கள். 1959-இல் அந்த ஆட்சியைக் கலைத்ததும் பட்டாளம் இல்லை, மத்திய அரசு கையில் எடுத்த அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவு.