எட்டு மணி நேரம் ஓடும் என்று வாங்கிய இன்வெர்ட்டர்

கோவை வடவள்ளிக்குக் குடிவந்தபோது இன்வெர்ட்டர் வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதென்ன 2012ஆ, மணிக்கு மணி கரண்ட் போக? ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிறது, ஆடிக் காற்றில் கிளை ஒடிந்து கம்பியில் விழுந்தால் அது தனி, அத்தைக்கோ ஃபேன் இல்லாமல் பத்து நிமிஷம் ஆகாது. சரி என்று 900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியும் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது.

பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா வீட்டில் இருந்தது ஸ்கொயர் வேவ், கரண்ட் போனதும் ஃபேன் எல்லாம் வண்டு புகுந்த மாதிரி இரையும். இதில் அந்தச் சத்தமே இல்லை.

என் கோபமெல்லாம் விற்ற கடை மேல்தான். "எட்டு மணி நேரம் தாராளமா ஓடுங்கக்கா" என்றார். எதெது ஓடும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் ஷட்டவுன் அன்று மூன்றரை மணி நேரத்தில் கத்திவிட்டு அணைந்தது. அப்புறம்தான் பேப்பரை எடுத்தேன். 12 வோல்ட், 150 ஏஎச், பெருக்கினால் 1800 வாட் அவர். மாற்றும்போது வீணாவது போக, பேட்டரியை ஒட்ட வடிக்கவும் கூடாது என்பதால், கைக்கு வருவது 1200 பக்கம். 75 வாட் ஃபேன் மூன்று, 9 வாட் பல்பு ஐந்து, டிவி, மோடம் எல்லாம் சேர்ந்து 340 வாட். 1200-ஐ 340-ஆல் வகுத்தால் மூன்றரைதான், எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? இரண்டு ஃபேனை குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிய பிறகு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய நிற்கிறது. ஒருமுறை வடிந்தால் திரும்ப ஏற பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அன்று ராத்திரியே மறுபடி கரண்ட் போனால் விசிறிமட்டைதான்.

இன்னொன்று, கடை அனுப்பிய ஆள் சமையலறை பிளக்கையும் சேர்த்து இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 900 விஏ என்றால் 900 வாட் இல்லை, 720 பக்கம்தான். கரண்ட் இல்லாதபோது அத்தை சட்னிக்கு 750 வாட் மிக்ஸியைப் போட, ஓவர்லோடு என்று பெட்டி நின்று, வீடே கப்சிப். ஃபிரிட்ஜும் அதே லைன், கம்ப்ரசர் கிளம்பும்போது சாதாரணமாக இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி அரை நாளில் இரண்டையும் பிரித்துவிட்டார். கடை ஆள் பேட்டரியைப் பூஜை அறை மூலையில் வைக்கப் பார்த்ததை மட்டும் நான் அன்றைக்கே தடுத்துவிட்டேன். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கிற வாயு வரும், பக்கத்தில் விளக்கு எரிவதா? இப்போது காற்றோட்டமாக வராண்டாவில் இருக்கிறது.

பேட்டரியில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். "சிறுவாணித் தண்ணியே ஊத்தலாமே கண்ணு" என்கிறார் அத்தை. குடிக்க அதை மிஞ்ச ஒன்றுமில்லை, பேட்டரிக்கு அதிலிருக்கும் உப்புகூட ஆகாது. சர்வீஸுக்கு ஆள் வருவார் என்று வாரண்டி கார்டில் கடைக்காரர் கையாலேயே எழுதியிருக்கிறது. இதுவரை கேன் வாங்கி ஊற்றுவது நான்தான்.