விசா நின்ற வாரத்தில் இந்த மாடி அலுவலகம் எங்களுக்குச் செய்தது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகைக்கடை மாடியில் இருக்கும் இந்தப் பயண முகவரிடம் எங்கள் குடும்பம் இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறது. முதல் முறை நாங்கள் போகவே இல்லை. ஆனாலும் நான் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கக் காரணம் அந்த முதல் முறைதான்.

2020 ஏப்ரலில் அப்பாவுக்கு அறுபது நிறைவு. சஷ்டியப்தபூர்த்தியைத் திருக்கடையூரில், அபிராமி சந்நிதியில் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் பல வருட வேண்டுதல். எட்டுப் பேர், கோலாலம்பூரிலிருந்து திருச்சி, அங்கிருந்து வேன், 22ஆம் தேதி புறப்பாடு. டிக்கெட், விசா, தங்குமிடம், சாஸ்திரிகள் ஏற்பாடு எல்லாம் இவர்களே பார்த்தார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) உட்பட எட்டுப் பேர் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 12, வியாழக்கிழமை காலை எட்டு மணி இருக்கும், இந்த அலுவலகத்து அக்காவே போன் செய்தார். நாங்கள் செய்தியே பார்த்திருக்கவில்லை. கொரோனாவால் இந்தியா சுற்றுலா விசாக்களை எல்லாம் நிறுத்தி வைக்கிறது, 13ஆம் தேதி நம் நேரம் இரவு எட்டு மணியிலிருந்து நடைமுறை, இப்போதைக்கு ஏப்ரல் 15 வரை, கையில் இருக்கும் விசாவும் செல்லாது என்றார். வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு விசா இல்லாமல் போகும் வசதியும் சேர்த்து நிறுத்தப்பட்டது, அதனால் அந்த அட்டை வைத்திருந்த சித்தப்பாவாலும் போக முடியாது.

வீட்டில் உடனே இரண்டு கட்சி. அண்ணன், வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு முன்னால் போய் இறங்கிவிடலாம், டிக்கெட் மாற்றும் காசை நான் தருகிறேன், அங்கேயே ஒரு மாதம் இருந்து அப்பா விசேஷத்தை முடித்துவிட்டு வரலாம் என்று நின்றார். அம்மா ஏறத்தாழ சம்மதித்துவிட்டார். மாற்றிக் கொடுத்திருந்தால் இவர்களுக்கு எட்டு டிக்கெட்டுக்கும் கமிஷன் கிடைத்திருக்கும், ஆனால் அக்கா அண்ணனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "போயிடலாம் தம்பி, திரும்பி எப்படி வருவீங்க? அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளுக்கு வச்சிருக்கீங்க?" அண்ணன் அதற்கு மேல் பேசவில்லை. 16ஆம் தேதி இரவு நம் பிரதமர் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார், 17ஆம் தேதி மலேசியாவிலிருந்து பயணிகள் வரவே இந்தியா தடை போட்டது, 22ஆம் தேதியோடு அங்கே வெளிநாட்டு விமானங்கள் இறங்குவதும் நின்றது. தமிழ்நாட்டில் மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் சிறப்பு விமானத்துக்குக் காத்துக் கிடந்த செய்தி வந்தபோதெல்லாம் அம்மா அந்தக் கேள்வியைத்தான் சொல்வார்.

அடுத்தது பணம். அப்பா, உடனே ரத்து செய்துவிடு, கிடைப்பது கிடைக்கட்டும் என்றார். அக்கா வேண்டாம் என்று பிடித்து நிறுத்தினார். இதைப் படிக்கிறவர்கள் கவனியுங்கள்: மலிவு டிக்கெட்டை நாமாக ரத்து செய்தால் விமான வரியைத் தவிர பெரிதாக எதுவும் திரும்பாது, விசா போய்விட்டது என்பது அவர்கள் கணக்கில் நம் பிரச்சினை, ஆனால் விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் கதை வேறு. பொறுத்திருந்தோம், அவர்களே ரத்து செய்தார்கள். விசாக் கட்டணம் போனது போனதுதான், அதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வேனுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டிய 3,200 வெள்ளியை (ரிங்கிட்) அங்குள்ள ஆளிடம் பேசி, எப்போது வந்தாலும் கழித்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்தார். யாரும் கேட்காமல் அவராகச் செய்தது அது.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்று சொல்கிறேன். டிக்கெட் பணம் வந்து சேர ஏழு மாதம் ஆனது, அதில் நான்கு மாதம் போனை யாரும் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. அலுவலகம் மூடியிருந்தது, அவர்களுக்கும் வருமானம் இல்லை, புரிகிறது. ஆனால் "இன்னும் வரவில்லை" என்று ஒரு வரி போட்டிருந்தால் அம்மா அப்படித் தூக்கம் கெட்டுக் கிடந்திருக்க மாட்டார். அப்புறம், ஆளுக்கு 80 வெள்ளி சேவைக் கட்டணம் என்று பிடித்தார்கள், முன்பணம் கட்டியபோது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டதும் பாதியைத் திருப்பினார்கள். கேட்காதவர்களுக்குத் திருப்பியிருப்பார்களா என்பது என் மனதில் இன்னும் இருக்கிறது.

அந்த ஏப்ரலில் கோயிலும் பூட்டு, சொந்தக்காரர்களும் வர முடியாது. பட்டர்வொர்த் வீட்டுச் சாமி அறையில் அம்மாவே கட்டிய மல்லிகை மாலையை இருவரும் மாற்றிக்கொண்டார்கள், நாங்கள் போனில் பார்த்தோம்.

2023இல் மறுபடி இவர்களிடமே போனோம். இந்த முறை முறையே வேறு: முதலில் விசா, அது கைக்கு வந்த பிறகு டிக்கெட், அதுவும் தேதி மாற்றக்கூடியது, ஆளுக்கு 150 வெள்ளி போலக் கூடுதல். எந்தப் பணம் திரும்பும், எது திரும்பாது என்று ஒரே தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், சேவைக் கட்டணத்தையும் சேர்த்து. பழைய 3,200 வெள்ளியை முழுசாகக் கழித்தார்கள், வேன் வாடகை ஏறியிருந்ததால் வித்தியாசம் மட்டும் கட்டினோம். வயது தாண்டிவிட்டதே என்று அப்பா தயங்க, திருக்கடையூர் சாஸ்திரிகளிடம் அக்காவே பேசி, தம்பதியாக வந்து மாலை மாற்றிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்ற பதிலை ஸ்பீக்கரில் போட்டு அப்பா காதில் விழ வைத்தார்.

போகிறவர்களுக்கு: செவ்வாய், புதன் காலை கூட்டம் இருக்காது. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடியும் ஆடுகிறது. வயதானவர்களை ஏற்ற வேண்டாம், கீழே நின்று போன் செய்தால் அக்கா படிவங்களோடு இறங்கி வருவார், அப்பாவிடம் கையெழுத்து வாங்கியதும் கடை முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையில் ஒரு நாற்காலி போட்டுத்தான்.