எல்லையோரத்து வள்ளக் கடையில் விமானத்துக்குப் பொருள் வாங்கியபோது

களியக்காவிளைக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில், மீன்பிடி வள்ளங்களுக்கான பைபர் பொருள்களை விற்கும் கடையொன்றில், ரிமோட் விமானத்தின் உடற்கூட்டை வார்ப்பதற்கு வேண்டியவற்றை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். வள்ளம் கட்டுவோருக்கு அது நல்ல கடை. விமானம் செய்வோர் அச்சுக்கான பொருளை மட்டும் அங்கே வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

பாலியெஸ்டர் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்), சதுர மீட்டருக்கு 300, 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ஜெல்கோட் (வெளிப்புறப் பூச்சு), அச்சு மெழுகு ஆகிய அனைத்தும் வேண்டிய அளவுக்கு எடைபோட்டுக் கிடைக்கின்றன. ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும் தனித்தனிப் பைகளில் தந்த கடைக்காரர், இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும் என்றும், கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்பே மற்றதை ஊற்ற வேண்டும் என்றும் இருமுறை சொல்லி அனுப்பினார். இந்த அக்கறையைப் பாராட்ட வேண்டும்.

அளவு சொல்வதில்தான் குறை. அங்கே எல்லாமே புட்டி மூடியால் அளக்கும் கணக்கு. வள்ளத்துக்குக் கிலோக் கணக்கில் கலக்குபவருக்கு அது ஒத்துவரலாம்; 200 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 சதவீதம், அதாவது 2 முதல் 4 கிராம் கேட்டலிஸ்ட் மட்டுமே தேவைப்படும்போது, சிரிஞ்சும் சிறு தராசும் இல்லாமல் முடியாது. போதாக்குறைக்கு, அவர்கள் தந்த புட்டியில் தேதியே இல்லை. ஆடி மழையில் நான் பூசிய முதல் படலம் மறுநாள் காலையிலும் பிசுபிசுத்தது.

300 கிராம் மேட்டையும் பாலியெஸ்டரையும் கொண்டு வார்த்த 110 சென்டிமீட்டர் உடற்கூடு, ஜெல்கோட்டையும் சேர்த்து 480 கிராம் வந்தது. வால் பக்கம் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும், இறக்கைக்கு முன்னால் நீளம் குறைவாக உள்ள மூக்கில் அதைப் போலப் பல மடங்கு ஈயம் வைத்தால்தான் சமநிலை கிடைக்கும் என்பதால், அதைப் பறக்கவிடும் எண்ணத்தையே கைவிட்டேன்.

இரண்டாம் முறை எப்பாக்சி என்ற வேறு வகை ரெசினைக் கேட்டேன். எப்பாக்சி இருந்தது, ஆனால் அதே மேட்டில் பூசலாம் என்றார்கள். மேட்டின் இழைகளைப் பிணைக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரின் என்ற திரவத்தில் கரைந்து இளகும். எப்பாக்சியில் ஸ்டைரின் கிடையாது. ஆகவே மேட் விறைப்பாகவே நின்று, மூக்கின் வளைவிலும் இறக்கை சேரும் மூலையிலும் படியவில்லை. பின்னர் திருவனந்தபுரத்திலிருந்து நெய்த கண்ணாடித் துணி வரவழைத்து, 200 கிராமில் ஒரு படலமும் 100 கிராமில் ஒரு படலமும் வைத்தபோது 220 கிராமில் கூடு முடிந்தது.

அச்சுக்கோ அதே பாலியெஸ்டரும் மேட்டும் மிகப் பொருத்தம், ஏனெனில் அங்கே எடை ஒரு பொருட்டல்ல. மூல மாதிரியைத் தெர்மாகோலில் செதுக்கியிருந்தால் மட்டும், பாலியெஸ்டர் அதைக் கரைத்துவிடும் என்பதால், முதலில் எப்பாக்சி பூசி மூடிவிட வேண்டும்.

சிட்டை தமிழிலும் புட்டியின் எழுத்து மலையாளத்திலும் இருப்பதால், எது எதுவென்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. பேருந்தில் செல்வோர் மூடி இறுகிய தகர டப்பாவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடையில் தந்த கேனிலிருந்து கசிந்த ஸ்டைரின் வாடையால், நடத்துநர் என்னைக் குழித்துறையிலேயே இறக்கிவிட்டார்.