இலவசக் கடன் அறிக்கை: மதிப்பெண்ணை விட நிலுவைக் கட்டமே முக்கியம்

கடந்த ஜூன் 3 அன்று மகளின் பள்ளிக் கட்டணமான 78,000 ரூபாயை, ஒரு லட்ச ரூபாய் வரம்புள்ள கிரெடிட் கார்டு மூலம் செலுத்தினேன். பில் 12ஆம் தேதி வந்தது. பணம் கட்டக் கடைசி நாள் ஜூலை 2. நான் ஜூலை 1 அன்றே முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுவது பற்றிப் பேசச் சென்றபோது, கிளை அலுவலர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "சார், உங்க சிபில் 752 தான் காட்டுது" என்றார். பிப்ரவரியில் அது 791 ஆக இருந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஒரு தவணையைக்கூட நான் தவறவிட்டதில்லை. இந்தப் புதிருக்கு விடை தேடித்தான், ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிக் கிடைக்கும் முழுக் கடன் அறிக்கையைப் பெற்றேன். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பாய்வு.

ஜெராக்ஸ் என்பது நகல் எடுப்பதற்கே பெயராகிவிட்டதைப் போல, கடன் மதிப்பெண் என்றாலே நாம் சிபில் என்கிறோம். உண்மையில் இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. 2017 ஜனவரி முதல் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் ஒரு முழு அறிக்கையை மதிப்பெண்ணுடன் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் காசு செலவில்லாமல் கண்காணிக்கலாம். நம்முடைய அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகும். நான் பயன்படுத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பான் எண், பிறந்த தேதி, கைப்பேசிக்கு வரும் ஓடிபி ஆகியவற்றைக் கொடுத்தால் சில நிமிடங்களில் அறிக்கை வந்துவிடுகிறது.

முதல் பக்கத்தில் 300க்கும் 900க்கும் இடையே ஊசி நிற்கும் வண்ண அரைவட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலானோர் அதோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அறிக்கையிலேயே பயன் குறைந்த பக்கம் அதுதான். விஷயம் இருப்பது கணக்குகளின் பட்டியலில். என் கார்டுக்கான கட்டத்தில், கடன் வரம்பு 1,00,000, தற்போதைய நிலுவை 78,000, தவணை கடந்த தொகை 0, தகவல் தேதி ஜூன் 30 என்று இருந்தது. அதன்கீழ் 36 மாதங்களுக்கான சிறு கட்டங்களில், எத்தனை நாள் தாமதமாகக் கட்டினேன் என்பதைக் குறிக்கும் இடமெங்கும் பூஜ்யங்கள். நான் ஒழுங்காகக் கட்டுபவன் என்பதற்கு அந்தப் பூஜ்யங்கள் சாட்சி. ஆனால் அதே பக்கத்தில், கையில் இருக்கும் வரம்பில் 78 விழுக்காட்டைத் தீர்த்துவிட்ட மனிதனாகவும் நான் தெரிந்தேன்.

2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதியன்றும் கடைசி நாளன்றும் உள்ள நிலவரத்தை வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. என் கட்டணம் ஜூன் 3 முதல் ஜூலை 1 வரை நிலுவையில் இருந்தது. அதாவது ஜூன் 15, ஜூன் 30 என இரு நிழற்படங்களிலும் அது விழுந்தது. கடைசி நாளுக்குள் கட்டியதால் ஒரு ரூபாய்கூட வட்டி விழவில்லை என்பது எனக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கு. மதிப்பெண்ணைக் கணிக்கும் சூத்திரம், குறித்த நாளில் எவ்வளவு பாக்கி என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. அதே பணத்தை ஜூன் 10 அன்று, பில் வருவதற்கு முன்பே கட்டியிருந்தால், இரண்டு தேதிகளிலும் நிலுவை சில ஆயிரங்களாகவே இருந்திருக்கும். வரம்பில் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சட்டம் அல்ல, 31ஐத் தொட்டவுடன் இடிந்து விழும் சுவரும் அல்ல. இருந்தாலும் 78 என்பது எந்தக் கண்ணுக்கும் உறுத்தும் எண்தான்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் என்னை அதிகம் உலுக்கியது இன்னொரு கார்டு. அதன் வரம்பை வங்கி ஈராண்டுகளுக்கு முன்பே 60,000 ரூபாயிலிருந்து 1,50,000 ஆக உயர்த்தியிருந்தது. அறிக்கையிலோ இன்னும் 60,000 என்றே இருந்தது. அதில் நிலுவை வெறும் 6,000. இரண்டு கார்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 84,000 பாக்கிக்கு உண்மையான மொத்த வரம்பு 2,50,000. பயன்பாடு ஏறத்தாழ 34 விழுக்காடு. அறிக்கை காட்டிய 1,60,000 வரம்புக்கோ அது 52 விழுக்காட்டைத் தாண்டியது. நான் செலவழிக்காத பணத்துக்காக என் பெயரில் ஏறிய சுமை இது. ஆண்டுக் கட்டணம் எதற்கு என்று அந்தக் கார்டை ரத்துசெய்யவும் நினைத்திருந்தேன்; செய்திருந்தால் மொத்த வரம்பு ஒரு லட்சமாகச் சுருங்கி, அதே 78,000 இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

திருத்தம் கோருவதற்கான வசதி எளிமையாகவே இருக்கிறது: தவறான கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, சரியான எண்ணை எழுதி அனுப்பினால் புகார் எண் கிடைக்கும். ஆனால் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றிவிடாது. வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தபோது, "எங்க சிஸ்டத்துல சரியாத்தான் இருக்கு சார்" என்ற பதில் மூன்று முறை கிடைத்தது. புகார் 30 நாட்களுக்குள் தீராவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நான்காவது முறை மின்னஞ்சலில் அதைக் குறிப்பிட்டேன். 24ஆம் நாள் வரம்பு திருத்தப்பட்டது. அந்த வரி இல்லாமலும் திருத்தியிருப்பார்களா என்பது வங்கிக்கே வெளிச்சம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது; தாமத நாட்களைக் குறிக்கும் சுருக்கெழுத்துகளை முதன்முறை பார்ப்பவர், ஏதோ மருத்துவப் பரிசோதனை முடிவைப் பார்ப்பதுபோலத்தான் மிரள்வார். மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதற்கு ஒருவரி விளக்கம்கூட என் அறிக்கையில் இல்லை. எந்தக் கூறுக்கு எத்தனை புள்ளி என்பதும் வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை. வங்கிச் செயலிகளும் நிதிச் செயலிகளும் மாதந்தோறும் இலவசமாகக் காட்டும் மதிப்பெண்ணைப் பலர் நம்பியிருக்கிறார்கள். அது வசதிதான், ஆனால் நான் பயன்படுத்திய செயலியில் எண்ணுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் பட்டது "உங்களுக்கான முன் அனுமதிக் கடன்" என்ற பொத்தான். வரம்புப் பிழையை அதில் நான் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மினிமம் டியூ எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருபவர்கள் இந்த அறிக்கையை அவசியம் பார்க்க வேண்டும். அவர்களுடைய தாமதக் கட்டங்களிலும் பூஜ்யமே இருக்கும், ஆகவே எல்லாம் சரி என்ற எண்ணம் வரும். நிலுவைக் கட்டமோ மாதக்கணக்கில் வரம்பை ஒட்டியே நிற்கும்; மாதம் மூன்றரை விழுக்காடு அளவில் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். தவணை தவறிய பதிவு 36 மாதக் கட்டங்களில் நெடுநாள் கண்ணில் படும். அதிக நிலுவையோ பணத்தைக் கட்டிய பிறகு அடுத்த தகவலிலேயே மாறக்கூடியது. என்னுடைய 78,000 ரூபாய் ஜூலை மாதத் தகவல் ஏறியதும் மறைந்தது.

செப்டம்பரில் இரண்டாவது நிறுவனத்திடம் அறிக்கை பெற்றபோது மதிப்பெண் 786. இரு நிறுவனங்களின் சூத்திரமும் ஒன்றல்ல என்பதால் அதை 752உடன் நேராக ஒப்பிட நான் தயாரில்லை. ஆனால் நிலுவை 4,200, மொத்த வரம்பு 2,50,000 என்ற இரண்டு எண்களும் அதில் சரியாக இருந்தன. இலவசச் சேவை என்ற அளவில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒரு புள்ளி, தமிழில் அறிக்கை வரும் நாளுக்காக. வீட்டுக் கடன் விண்ணப்பத்தை அக்டோபரில்தான் கொடுத்தேன். அதற்கு முந்தைய மாதம் இரண்டு கார்டுகளின் பாக்கியையும் பில் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டி முடித்திருந்தேன்.