குகை ஓவியத்தின் வயது: கார்பனா, யுரேனியமா?

கரியால் வரைந்த ஓவியம் என்றால் ரேடியோகார்பன் (கரியில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயது காணும் முறை) போதும், துளி சுரண்டினாலே கணக்கிடலாம். பிரான்சின் ஷோவே குகை ஓவியங்களுக்குச் சுமார் 36,000 ஆண்டுகள் என்று அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அது மரம் செத்த காலத்தைத்தான் சொல்லும், வரைந்தவர் பழைய கரியை எடுத்திருந்தால் வயது கூடிவிடும், அதோடு சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது. செங்காவி? அந்த நிறமியில் அளக்கக் கார்பனே இல்லை.

அங்கேதான் யுரேனியம்-தோரியம் முறை (யுரேனியம் காலப்போக்கில் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று பார்த்து வயது காண்பது) கைகொடுக்கிறது: ஓவியத்தின் மேல் படிந்த கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படலத்தை அளக்கிறார்கள், ஓவியம் அதைவிடப் பழையதாகத்தானே இருக்க வேண்டும். ஸ்பெயினின் எல் காஸ்டில்லோவில் ஒரு சிவப்பு வட்டு குறைந்தது 40,800 ஆண்டுகள் என்று 2012இல் அறிவித்தது இப்படித்தான். நீர் யுரேனியத்தைக் கரைத்துப் போனால் வயது உண்மையைவிட அதிகமாகத் தெரியும், சரி, அதனால் பல அடுக்குகளை அளந்து ஒத்துப்பார்க்க வேண்டும். காவி மட்டும் என்றால் என் ஓட்டு யுரேனியத்துக்கே.