தாய்லாந்தா, பிலிப்பைன்ஸா: பிரிட்டிஷ் ஓய்வூதியக் கணக்கு

பிரிட்டனில் ஓய்வு பெற்றுத் தாய்லாந்தில் குடியேறினால், அரசு ஓய்வூதியம் அப்படியே உறைந்துவிடும். 2016 ஏப்ரலில் வாரம் 155.65 பவுண்டு வாங்கத் தொடங்கி அங்கேயே இருப்பவருக்கு இன்றும் அதே தொகைதான். பிலிப்பைன்ஸுடன் பிரிட்டனுக்கு ஒப்பந்தம் உண்டு; அங்கே ஆண்டுதோறும் உயர்வு கிடைக்கும். அதே ஓய்வூதியம் 2025 ஏப்ரலில் 230.25 பவுண்டு. வாரத்துக்கு 74.60 பவுண்டு வித்தியாசம்! உழைத்துச் சந்தா கட்டியவருக்கு இது அநியாயம்தான். பெரிய சேமிப்பு இல்லாதவர் பிலிப்பைன்ஸுக்கே போகலாம் என்பேன்.

அப்புறம் விசா. ஓய்வு விசாவுக்குத் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் கேட்கும். வைப்பு வழியில் போனால் ஆண்டு முழுக்க 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அவசரத்துக்கு அந்தப் பணம் உதவாது.

மருத்துவச் செலவு இரண்டு இடத்திலும் சொந்தப் பொறுப்பு. வயது ஏற ஏறக் காப்பீட்டுப் பிரீமியமும் ஏறும்.