30 பவுண்டுக்கு ஒரு குலம்

போன வருடம் எங்கள் கல்யாண நாளுக்கு மாமியார் ஓர் உறையைக் கையில் கொடுத்தார். பிரித்தால், என் கணவரின் ஸ்காட்லாந்துக் குலச் சங்கத்தில் குடும்பச் சந்தா. ஒரு வருடத்துக்கு 30 பவுண்டு. "இதெல்லாம் ரிட்டயர் ஆனவர்களுக்கு" என்று கணவர் உறையை ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டார். குலதெய்வக் கோயில் வரியை ஒரு வருடம் கட்டாமல் விட்டாலும் பங்காளிகளிடம் பேச்சு வாங்கும் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. கார்டை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ஆக, இது மருமகள் எழுதும் விமர்சனம். எந்தக் குலம் என்று சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய குறைகள் சில இருக்கின்றன, ஆகஸ்டில் அதே கூடாரத்தில் அதே ஆட்களோடு உட்கார்ந்து டீ குடித்தாக வேண்டும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. குலத்தை இங்கே 'கிளான்' என்பார்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள். பிள்ளைகள் என்றாலும் எல்லோரும் ஒரே ரத்தம் இல்லை. தலைவரின் நிலத்தில் அண்டிப் பிழைத்தவர்களும் அந்தக் குலத்தில் சேர்த்திதான். அதனால் ஒவ்வொரு குலத்துக்கும் கீழே 'செப்ட்' என்று வேறு பல குடும்பப் பெயர்கள் உண்டு. நம் பாஷையில் வகையறா. 1746-இல் கலோடன் போர்க்களத்தில் அரசுப் படையிடம் தோற்ற பிறகு, தங்கள் மண்ணில் வழக்கு விசாரித்துத் தண்டனை கொடுக்கும் அதிகாரத்தைத் தலைவர்கள் இழந்தார்கள். ஹைலண்ட் எனும் மலைநாட்டு உடைக்கும் தடை வந்தது, அதை 1782-இல்தான் நீக்கினார்கள். அப்புறம் ஆடு மேய்ச்சலுக்காக ஜனங்களை நிலத்திலிருந்து கிளப்பிவிட, கனடாவின் நோவா ஸ்கோஷியா, அமெரிக்காவின் கரோலினா, நியூசிலாந்து என்று போனார்கள். சிதறியவர்களைக் கூட்டிப் பிடித்து வைப்பதுதான் இன்றைய சங்கங்களின் வேலை. இவற்றில் பழையது கிளாஸ்கோவின் புக்கானன் சங்கம், 1725-இல் தொடங்கியது. அந்தக் குலத்துக்கு 300 வருடத்துக்கும் மேல் தலைவரே இல்லை, 2018-இல்தான் ஒருவர் அங்கீகரிக்கப்பட்டார். தலைவர் இல்லாமலே சங்கம் பாட்டுக்கு ஓடியிருக்கிறது!

சரி, 30 பவுண்டுக்கு என்ன வந்தது? உறுப்பினர் அட்டை, வருடத்துக்கு இரண்டு இதழ், ஒரு பேட்ஜ், மாதம் ஒரு ஜூம் கூட்டம், ஃபேஸ்புக் குழு, பரம்பரை தேடித் தரும் உதவி. விருந்துக்குத் தனிக் காசு.

பேட்ஜில் ஒரு விஷயம் பிடித்திருந்தது. குலத்தின் சின்னத்தைச் சுற்றி ஒரு பெல்ட்டும் பக்கிளும் இருக்கும். சின்னம் தலைவருடையது, நாம் அவர் ஆட்கள் என்று அதற்குப் பொருள். தலைவர் பெல்ட் இல்லாமல், பின்னால் மூன்று கழுகு இறகுகளோடு அணிவார். பொருள் நல்ல பொருள்தான், ஊக்குதான் மட்டம். என் கம்பளி ஸ்கார்ஃபில் இரண்டு இழையை இழுத்துவிட்டது.

ஃபேஸ்புக் குழு எனக்கு ஒத்துவரவில்லை. "என் பெயர் இந்தக் குலத்தில் வருமா?" என்று தினமும் ஒருவர் கேட்கிறார், தினமும் அதே ஆள் பதில் சொல்கிறார். மற்ற நேரம் டார்டன் சண்டை, அதாவது குலத்துக்குரிய கட்டம் போட்ட துணியைப் பற்றி. 'ஏன்ஷியன்ட்' என்று விற்கும் துணி பழைய டிசைன் என்று நினைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். அது பெரும்பாலும் வெறும் சாய நிறம்தான், பழைய செடிச் சாயம்போல வெளிறித் தெரிய வேண்டும் என்று போட்டது. குலத்துக்கு ஒரு டார்டன் என்று பரவலாக முடிவானதே 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்ததை ஒட்டிய காலத்தில்தான். இதை ஒரு தடவை எழுதினேன். மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள்.

பரம்பரை தேடும் உதவிதான் படுமோசம். கணவரின் கொள்ளுத்தாத்தா பெயரும் ஊரும் அனுப்பினேன். ஏழு வாரம் சத்தமே இல்லை. பிறகு வந்த வம்சாவளி, அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவருடையது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைப்பது இங்கே பழைய வழக்கம், அதனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தேடித் தருகிறவர் இதைச் சரிபார்க்க வேண்டாமா? கடைசியில் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசுப் பதிவேட்டுத் தளத்தில், பதிவுகளைப் பார்க்கக் காசு கட்டி வாங்கும் கிரெடிட்டை நானே வாங்கி உட்கார்ந்தேன். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் அங்கே 1855-இலிருந்து இருக்கின்றன. திருமணப் பதிவில் இரு பக்கத்து அம்மாக்களின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் சரியான ஆளைப் பிடித்தேன்.

ஜூம் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு எட்டு மணி. கோடையில் அது நியூசிலாந்தின் டனீடினில் திங்கள் காலை ஏழு, நோவா ஸ்கோஷியாவில் மாலை நான்கு. ஒருவர் டோஸ்ட் கடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் முன்னால் ஒயின் கிளாஸ் இருக்கும். முதல் கூட்டத்தில் "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே கால் மணி நேரம் போனது. பிறகு செயலாளர் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஒரு வரி விடாமல் வாசித்தார். நான் வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

மூன்றாவது கூட்டத்தில் நியூசிலாந்துக்காரர் ஒருவர் ஒரு கல்லறைப் படத்தைக் கேமரா முன்னால் பிடித்தார். அவர் தாத்தா எடுத்த பழைய படம், எழுத்து எதுவும் தெரியவில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து ஓர் அம்மா, "கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்கள்" என்றார். திருப்பினார். "அந்தச் சுவர் எனக்குத் தெரியும், தினமும் நாயோடு அந்த வழியாகத்தான் போகிறேன்." மறுநாள் மதியமே குழுவில் படம் வந்துவிட்டது. கல்லைச் சுரண்டாமல், பாட்டில் தண்ணீரை மட்டும் ஊற்றி, வெயில் சாய்வாக விழும்வரை காத்திருந்து எடுத்திருந்தார். பெயர், வருடம், 'இவரின் மனைவி' என்பதுவரை படிக்க முடிந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, ஒரு இதயம் மட்டும் போட்டிருந்தார்.

ஆகஸ்டில் ஹைலண்ட் கேம்ஸ் என்ற விளையாட்டுத் திருவிழாவுக்குப் போனோம். 'போனோம்' என்றால், இவரைக் காரோட்டியாகக் கூட்டிப்போனேன். தூறல், சேறு, ஒரு பக்கம் பேக்பைப் சத்தம், மறுபக்கம் தந்திக்கம்பம் மாதிரி மரத்தைத் தூக்கி எறிகிறார்கள். எவ்வளவு தூரம் போனது என்பது கணக்கில்லை, தலைகீழாகப் புரண்டு எறிந்தவருக்கு நேர் எதிரே விழ வேண்டும். எங்கள் கூடாரத்தில் ஒரு மேஜை, ஷார்ட்பிரெட் டப்பா, வருகைப் பதிவேடு, உலகப் படம். பதிவேட்டோடு இருந்த பெரியவர், "எங்கிருந்து வந்தாய், ஹென்?" என்றார். கிளாஸ்கோ பக்கத்துப் பெரியவர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம்மூர்த் 'தாயி' மாதிரி. கிளாஸ்கோவிலிருந்து என்றேன். "அது தெரிகிறது. குண்டூசியை எங்கே குத்தட்டும்?" எழும்பூர் என்றேன், செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் பக்கத்தில். கர்க் என்றால் இவர்கள் பேச்சில் தேவாலயம். கை அப்படியே நின்றுவிட்டது. "கர்க்கா? அங்கேயா?" 1821-இல் திறந்தது, ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது என்றேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சென்னை மேல் சிவப்புக் குண்டூசி குத்தியாயிற்று. இவரோ அதற்குள் ஷார்ட்பிரெட் டப்பா பக்கம் தன் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைக் கண்டுபிடித்து, கிளம்ப மாட்டேன் என்று நின்றார்.

இரவு விருந்து தலைக்கு 55 பவுண்டு. எனக்குக் கிடைத்த சைவ ஹாகிஸ், ஓட்ஸும் பருப்பும் மிளகுமாக, நன்றாகவே இருந்தது. உரைகள் நீளம். 'கேய்லி' என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்தில் 'ஸ்ட்ரிப் த வில்லோ' என்ற ஆட்டம் ஆடும்போது கை மாற்றிக் கை மாற்றிச் சுழற்றியதில் ஒரு வளையல் உடைந்தது.

அதற்குப் பிறகு ஜூம் கூட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. பெட்டிக்குள் தெரிவது கூடாரத்தில் பார்த்த முகம். செயலாளர் குறிப்பு வாசித்தால்கூட, அன்று மழையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கூட்டம் மட்டும்தான் வழி, அவர்கள் தயங்காமல் சேரலாம். ஸ்காட்லாந்திலேயே இருந்துகொண்டு கேம்ஸுக்கு வராதவர்களுக்கு இந்தச் சந்தா வீண். பரம்பரை தேடத்தான் சேர்கிறீர்கள் என்றால் சேராதீர்கள், அந்தக் காசுக்குக் கிரெடிட் வாங்குங்கள்.

போன வாரம் புதுப்பித்துவிட்டேன், இந்தத் தடவை காசு இவர் கட்டினார். பேட்ஜ் வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது என்று படிவத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். நேற்றுத் தபாலில் இரண்டு பேட்ஜ் வந்தது.